கோடையில் சன்ஃபிஷ், பாஸ் மாட்டவில்லையா? அறிகுறியைப் பார்த்து சரிசெய்யும் வழி

டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் இருக்கிற நம்மவர்கள் பலரும் பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளுக்கென்று ஒரு தூண்டில் வாங்குகிறார்கள், ஜூலைக் கடைசியில் அது கராஜ் மூலைக்குப் போய்விடுகிறது. குளத்தில் மீன் இல்லை என்பது காரணம் இல்லை. புளூகில், கிரீன் சன்ஃபிஷ், ரெட்இயர் என்று சன்ஃபிஷில் ஏதாவது ஒன்றும், அவற்றைத் தின்று வாழும் லார்ஜ்மவுத் பாஸும் டெக்சாஸில் பூங்காக் குளங்களில் கூட இருக்கின்றன. பாஸும் சன்ஃபிஷ் குடும்பத்து மீன்தான், அதனால் ஒன்றின் பழக்கம் பிடிபட்டால் மற்றதன் பழக்கமும் பாதி புரிந்துவிடும்.

கீழே நான் எழுதியிருப்பது டெக்சாஸ் கோடையை, அதாவது மேல்தண்ணீர் 85, 90 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காய்ந்து கிடக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தை மனதில் வைத்து. உங்களுக்கு நடப்பது எதுவோ அதை மட்டும் படித்தால் போதும். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முள், இரை, ஆழம், இடம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டு மீன் கிடைத்தால், எது வேலை செய்தது என்று தெரியாமலே வீட்டுக்கு வருவீர்கள்.

தக்கை துள்ளுகிறது, இழுத்தால் வெறும் முள்

இதுதான் எல்லோருக்கும் வருவது, சரிசெய்ய மிகச் சுலபமானதும் இதுதான். முள் பெரிதாக இருக்கிறது. கடையில் கிடைக்கும் தொடக்கக்காரர் பெட்டியில் வரும் முட்கள் பெரும்பாலும் பாஸ், கெளுத்தி வாய்க்கு ஏற்றவை. புளூகில் உள்ளங்கை அகலம் வளர்ந்தாலும் அதன் வாய் ஒரு பட்டாணி நுழையும் அளவுதான், அது இரையைச் சுற்றி நின்று கொறித்துக் கொறித்தே மண்புழுவை உருவிக்கொண்டு போய்விடும். 8 அல்லது 10 எண் முள் வாங்குங்கள், தண்டு நீளமானதாக இருந்தால் கழற்றுவது எளிது. எண் கூடக் கூட முள் சிறிதாகும். 1க்குப் பிறகு 1/0, 2/0 என்று போகும்போது பெரிதாகும், இதைத் தெரிந்துகொள்ளாமல் 2க்குப் பதில் 2/0 வாங்கி வருபவர்கள் உண்டு.

முள்ளை மாற்றியும் இரை திருடு போகிறதென்றால் புழுவின் நீளத்தைப் பாருங்கள். முழு நைட்கிராலரை (பெரிய மண்புழு) கோத்துத் தொங்கவிட்டால் தொங்கும் வால்தான் மீனுக்குக் கிடைக்கும். அரை அங்குலத் துண்டாகக் கிள்ளி முள்ளை மூடும்படி மட்டும் கோத்துவிடுங்கள். அப்புறம் தக்கை. சிவப்பும் வெள்ளையுமாக எலுமிச்சை அளவில் இருக்குமே, அந்த உருண்டைத் தக்கை சன்ஃபிஷுக்கு வேண்டவே வேண்டாம். அதைத் தண்ணீருக்குள் இழுக்கத் தேவையான விசையை உணர்ந்ததுமே மீன் இரையைத் துப்பிவிடுகிறது. பென்சில் போல ஒல்லியான தக்கையை வைத்து, அது நுனி மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு சின்ன ஈயக்குண்டுகளைக் கடித்து விடுங்கள் (பல்லால் இல்லை, குறடால்). அப்போது லேசாகத் தொட்டாலும் தக்கை பேசும். நுனி சாய்ந்தாலோ, திடீரென்று மேலே எழும்பி மல்லாந்தாலோ கூட அது கடிதான், ஏனென்றால் மீன் இரையைக் கவ்விக்கொண்டு மேலே வந்திருக்கிறது. மணிக்கட்டால் மெல்லச் சுண்டினால் போதும்.

மதியம் முழுக்க உட்கார்ந்தும் ஒரு கொத்தல் கூட இல்லை

வெயிலில் மீன் சாப்பிடாது என்று சொல்வது தவறு. மீனின் உடல்சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது, தண்ணீர் சூடானால் செரிமானம் வேகமாகும், பசியும் கூடும். பிரச்சினை பசியில் இல்லை, மூச்சில். 20 டிகிரி செல்சியஸ் தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், அதே தண்ணீர் 30 டிகிரிக்குப் போனால் ஏழரைதான். தேவை ஏறுகிறது, கையிருப்பு இறங்குகிறது. அதனால் மீன் நிழலிலோ, கொஞ்சம் ஆழத்திலோ, ஓடும் தண்ணீரிலோ அசையாமல் நின்றுகொண்டு குறைந்த நேரத்தில் சாப்பிட்டு முடிக்கிறது. நீங்கள் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நிழல். படகுத்துறைக்கு அடியில், தண்ணீர்மேல் சாய்ந்த வில்லோ மரத்துக்குக் கீழே, பாலத்தின் நிழலில் போடுங்கள். நிழலுக்குப் பக்கத்தில் இல்லை, நிழலுக்கு உள்ளே. இரண்டு அடி தள்ளி விழுந்த இரையைத் தேடி வெயிலுக்கு வர பாஸுக்கு மனம் வராது. ஃபவுன்டன் இருக்கிற குளம் என்றால் அதைச் சுற்றி வீசிப் பாருங்கள், நீர் கலங்கும் இடத்தில் ஆக்சிஜன் இருக்கும். காற்று அடிக்கிற பக்கத்துக் கரைக்கும் இதே கணக்கு.

அடுத்தது நேரம். பலரும் விடியற்காலைதான் சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், பெரிய ஏரிகளுக்கு அது சரி. பாசி மண்டிய சின்னக் குளத்துக்கு அது எப்போதும் பொருந்தாது. பகலில் ஆக்சிஜனை விடும் அதே பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, அதனால் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் அந்தக் குளத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் விடிகாலை ஐந்தரைக்குப் போய் ஏமாறுவதைவிட மாலை ஆறரை, ஏழு மணிக்குப் போங்கள், அல்லது காலையில் வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். நான் இப்போதெல்லாம் பாசிக் குளத்துக்கு மாலையில் மட்டும்தான் போகிறேன்.

ஆழத்தில் போட்டால் சுத்தமாக உயிரே இல்லை

கோடையில் ஏரித் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரியும். மேலே சூடான அடுக்கு, கீழே குளிர்ந்த கனமான அடுக்கு, நடுவில் சூடு சட்டென்று குறையும் ஒரு பட்டை. மேலும் கீழும் கலக்காததால் கீழ் அடுக்கில் இருக்கும் ஆக்சிஜன் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகிறது. கீழே குளுகுளுவென்று இருக்கும், மீன் அங்கேதான் போயிருக்கும் என்று நினைத்து 25 அடியில் இரையை வைத்தால் அங்கே வருவதற்கு எதுவும் இல்லை. காற்று படாத சில குளங்களில் இந்தப் பட்டை 8, 10 அடியிலேயே தொடங்கிவிடும். ஃபிஷ் ஃபைண்டர் இருந்தால் திரையில் மங்கலான கோடாகவே தெரியும். இல்லையென்றால் 4 அடியில் தொடங்கி, கால்மணி நேரத்துக்கு ஒருமுறை தக்கையைத் தூண்டில் நரம்பில் ஒவ்வொரு அடியாக மேலே ஏற்றி இரையை ஆழமாக்குங்கள். கடி கிடைத்த ஆழத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் முழுக்க ஏறக்குறைய அதே ஆழம்தான்.

விரல் நீளக் குஞ்சுகள் மட்டும் வருகின்றன

கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற சன்ஃபிஷ் எல்லாம் சின்னவைதான். பெரியவை பாசிக்கு வெளியோரத்தில், 6 முதல் 10 அடித் தண்ணீரில் நிற்கும். புழுவை அங்கே போட்டாலும் போகிற வழியிலேயே குஞ்சுகள் பிய்த்துவிடும், ஆகவே ஈயத்தைக் கொஞ்சம் கூட்டி இரையைச் சீக்கிரம் கீழே இறக்குங்கள், அல்லது புழுவை விட்டுவிட்டு முழு கிரிக்கெட் பூச்சியையோ ஒன்றரை அங்குல ஜிக்கையோ (ஈயத்தலை முள்ளில் கோத்த செயற்கை இரை) போடுங்கள். ரெட்இயர் வேண்டுமென்றால் தக்கையே வேண்டாம், அது தரையில் நத்தை பொறுக்கும் மீன், புழு தரையைத் தொட்டுக் கிடக்கட்டும்.

இன்னொரு இடம் முட்டைக் கூடுகள். தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வந்ததும் புளூகில் கூடு கட்டத் தொடங்கும், கோடை முழுக்கத் தவணை தவணையாக அது நடக்கும். ஆழம் குறைந்த இடத்தில் வெளிறிய வட்டக் குழிகள் நெருக்கமாகத் தெரிந்தால் அதுதான். அங்கே வீசினால் நிச்சயம் கிடைக்கும், பெரிய மீனே கிடைக்கும். அந்தப் பெரிய மீன் பெரும்பாலும் முட்டைக்குக் காவல் நிற்கும் ஆண். அதை எடுத்துவிட்டால் சற்று நேரத்தில் மற்ற மீன்கள் முட்டையைத் தின்று தீர்த்துவிடும். பெரிய ஆண்களையே வருடா வருடம் பொறுக்கி எடுக்கிற குளத்தில் மிச்சமுள்ள ஆண்கள் சின்ன வயதிலேயே இனப்பெருக்கத்துக்கு வந்து வளர்ச்சி நின்றுபோகும். விரல் நீளக் குஞ்சுகளால் ஒரு குளம் நிரம்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக்கு எடுப்பதென்றால் நடுத்தர அளவை எடுங்கள், பெரிய ஆணைத் தயவுசெய்து கூட்டுக்கே விடுங்கள்.

பாஸ் பின்னாலேயே வருகிறது, கடைசியில் திரும்பிவிடுகிறது

தெளிந்த தண்ணீரில் இது நடக்கும். அது பார்த்துவிட்டது, பிடிக்கவில்லை. முதலில் வேகத்தை மாற்றுங்கள்: ஒரே சீராகச் சுற்றுவதை விட்டு, இரண்டு சுற்று, நிறுத்தம், மறுபடி இரண்டு சுற்று. அதற்கும் மசியாவிட்டால் 5 அங்குல மென்மையான பிளாஸ்டிக் புழுவை எடுத்து நட்டநடுவில் முள்ளைக் குத்தி, ஈயமே இல்லாமல் போடுங்கள். வாக்கி ரிக் என்பார்கள். அது இரண்டு முனையும் நடுங்கியபடி மெதுவாகக் கீழே இறங்கும், நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, நரம்பை மட்டும் கவனியுங்கள். அது பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் வாயில் இருக்கிறது. வெயிலில் சோர்ந்த பாஸுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. நரம்பையும் 8 பவுண்டு தாங்குவதாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிலும் பாஸ் தண்ணீரைக் கிழிக்கிறது, என் லூரைச் சீண்டவில்லை

பெரிய ஏரிகளில் கோடைக் காலையில் ஷாட் என்ற சின்ன வெள்ளி மீன் கூட்டத்தை பாஸ் மேலே துரத்தி அடிக்கும். அந்த நேரத்தில் அதற்கு ஷாட் அளவுதான் உணவு, உங்கள் 5 அங்குல லூர் (செயற்கை இரை) அதன் கண்ணில் உணவே இல்லை. 2 அங்குலம், வெள்ளை அல்லது வெள்ளி நிறம். கொந்தளிப்பின் நடுவே வீசாமல் அதைத் தாண்டி வீசி, ஊடாக இழுத்து வாருங்கள்.

மேலே அடிக்கிறது, முள்ளில் நிற்கவில்லை

தவளை லூரிலோ பாப்பரிலோ (இரண்டும் நீர்மேல் மிதக்கும் செயற்கை இரை) தண்ணீர் வெடித்ததும் கை தானாக இழுத்துவிடுகிறது, மீனின் வாயிலிருந்து நாமே பிடுங்கிவிடுகிறோம். சத்தத்துக்கு இழுக்காதீர்கள், கனம் தெரிந்த பிறகு இழுங்கள். தவளை லூர் என்றால் மூச்சு ஒன்றை விட்டுப் பிறகு பலமாக இழுங்கள். முள்ளில் ஏறிய பிறகு குதித்து உதறிவிட்டுப் போகிறதா? அது குதிக்கும்போது நரம்பு தளர்ந்திருக்கிறது. நரம்பு தண்ணீரிலிருந்து மேலெழும்புவதைக் கண்டதுமே கம்பின் நுனியைத் தண்ணீர் பக்கம் தாழ்த்தி, சுற்றிக்கொண்டே இருங்கள். முள் நுனியை நகத்தில் வைத்துப் பாருங்கள், வழுக்கினால் மழுங்கிவிட்டது.

நரம்பு அறுகிறது, அல்லது சுருண்டு சிக்கு விழுகிறது

முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நைலான் உரசும்போது சூடாகி அங்கேயே பலமிழக்கிறது. அறுந்த முனை பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. நேராக, சொரசொரப்பாக இருந்தால் கல்லிலோ சிப்பியிலோ உரசியிருக்கிறது, கடைசி இரண்டு அடியை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் அமைப்பு) நரம்பின் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குள் வழுக்கிக் கொடுக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். சிக்குக்குப் பெரும்பாலும் காரணம் மீன் டிராக்கை இழுத்துக்கொண்டிருக்கும்போதே நாம் ரீலைச் சுற்றுவது, ஒவ்வொரு சுற்றும் நரம்பை முறுக்குகிறது. ரீலில் விளிம்பு வரை நரம்பை நிரப்பவும் கூடாது, 3 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். வீசியபின் கம்பி வளையத்தைக் கையால் மூடிப் பழகுங்கள்.

ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கூடை பாசி

திறந்த முள்ளை மறந்துவிடுங்கள். டெக்சாஸ் ரிக் இதற்காகவே இருக்கிறது: தோட்டா வடிவ ஈயம், வளைந்த கழுத்துள்ள 3/0 முள், அதன் நுனி பிளாஸ்டிக் புழுவுக்குள் ஒளிந்திருக்கும்படி கோர்ப்பது. பாசி மேலே பாயாக விரிந்திருந்தால் தவளை லூரும் 50 பவுண்டு பின்னல் நரம்பும்.

தக்கை மெதுவாக நடந்து போகிறது, பிறகு பாறை மாதிரி கனம்

ஆமை. சிவப்புக் காது ஆமைகள் டெக்சாஸ் குளங்களில் எங்கும் உண்டு. மெல்ல அருகே இழுத்து, முள் உதட்டில் தெரிந்தால் குறடால் எடுங்கள், உள்ளே போயிருந்தால் நரம்பை முடிந்தவரை முள்ளுக்கு அருகில் வெட்டுங்கள். இடத்தை மாற்றுங்கள், அது திரும்ப வரும்.

முள்ளை விழுங்கிவிட்டது

தக்கை மூழ்கி வெகுநேரம் காத்திருந்தால் இது நடக்கும், பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு கம்பைத் தரையில் வைத்துவிடும்போது அதிகம் நடக்கும். தொண்டையில் இறங்கிய முள்ளைத் தோண்டி எடுக்காதீர்கள். நரம்பை வெட்டி விட்டுவிட்டால் மீன் பிழைக்கிற வாய்ப்பு, பிடுங்கி எடுத்து விடுவதைவிட மிக அதிகம். முள் நுனிக்குக் கீழே பின்பக்கம் நீட்டியிருக்கும் சின்னக் கூர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டு மீன் பிடித்தால் உதட்டில் இருந்தும் விரலில் இருந்தும் கழற்றுவது எளிது. பிள்ளைகளோடு போகும்போது இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

விட்ட மீன் மல்லாந்து மிதக்கிறது

கோடையில் இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். சூடான தண்ணீரில் போராடி மூச்சு வாங்கி வந்த மீனைப் படத்துக்காக வெயிலில் இரண்டு நிமிடம் தூக்கிப் பிடித்தால், நீந்திப் போனாலும் பிறகு சாகலாம். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கையும் துண்டும் உடம்பின் வழவழப்பை உரித்துவிடும். சன்ஃபிஷின் முதுகு முட்களைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிப் படியவைத்துப் பிடித்தால் கையும் குத்தாது. பெரிய பாஸைத் தாடையை மட்டும் பிடித்துக் கிடையாகத் தூக்காதீர்கள், இன்னொரு கை வயிற்றுக்குக் கீழே இருக்கட்டும். அரை நிமிடத்துக்குள் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும், கேமராவை முதலிலேயே தயார் செய்துவிட்டு மீனைத் தூக்குங்கள்.

மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

தொடர்ந்து மேகமூட்டமாக இருந்து காற்றும் இல்லாத நாட்களுக்குப் பின் காலையில் இதைப் பார்க்கலாம். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. அன்று தூண்டிலே போடாதீர்கள், பூங்கா நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். தண்ணீர்மேல் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் படலம் இருந்தாலோ கரையோரம் பாசிப் பாய்கள் ஒதுங்கி நாறினாலோ பிள்ளைகளையும் நாயையும் தண்ணீருக்குள் விடாதீர்கள். 2019 கோடையில் ஆஸ்டினின் லேடி பேர்ட் ஏரியில் இறங்கிய நாய்கள் நீலப்பச்சைப் பாசியின் நச்சால் இறந்தன. இடி கேட்டாலும் அதே, கிராஃபைட் கம்பு மின்சாரம் கடத்தும், உடனே காருக்குள் போய்விடுங்கள். தண்ணீருக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று: கரையில் உட்காரும் முன் தரையைப் பாருங்கள், தீயெறும்புப் புற்றுகள் புல்லுக்குள் மறைந்திருக்கும்.

வார்டன் (மீன்பிடி விதிகளைப் பார்க்கும் அதிகாரி) வந்து கேட்டால்

17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டெக்சாஸில் மீன்பிடி உரிமம் தேவையில்லை, கூட நின்று நீங்களும் வீசினால் உங்களுக்குத் தேவை. விசாவில் இருந்தாலும் மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் உள்ளூர்வாசிக் கட்டணம்தான். சாதாரண நன்னீர் உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும், ஜூலையில் வாங்கினாலும் அப்படித்தான், ஆகவே செப்டம்பரில் புதியதா என்று பாருங்கள். மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடிக்க உரிமமே வேண்டாம். லார்ஜ்மவுத் பாஸ் பொதுவாக 14 அங்குலம் இருந்தால்தான் எடுக்கலாம், ஒரு நாளைக்கு 5. சில ஏரிகளில் தனி விதி உண்டு, போகும் முன் அந்த ஏரியின் பெயரைப் போட்டு மாநில வனவிலங்குத் துறைப் பக்கத்தில் பாருங்கள்.

சமைத்தால் மண் வாடை

கோடைத் தண்ணீரில் சில பாசிகளும் பாக்டீரியாக்களும் விடும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாடை, அது தோலுக்கு அடியிலும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையிலும் தங்குகிறது. தோலை உரித்து, அந்தச் சிவப்புக் கோட்டை அறுத்து எடுத்துவிடுங்கள். புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரைமணி நேரம் ஊறவைத்தால் மிச்சம் இருப்பதும் குறையும், புளிப்பு அந்தப் பொருளையே உடைக்கிறது. ஆனால் பாதி வாடை உண்மையில் வெயிலால் வருவது. மீனைக் கயிற்றில் கோத்து வெந்நீர் மாதிரி இருக்கும் கரைத் தண்ணீரில் மணிக்கணக்கில் மிதக்கவிட்டால் எந்தப் புளியும் காப்பாற்றாது. எடுப்பதென்று முடிவு செய்த மீனைப் பிடித்த உடனே கூலரில் ஐஸுக்குள் போடுங்கள். பாஸைவிட புளூகில்தான் நம் வறுவலுக்குத் தோது, சதை கெட்டி, மசாலா பிடிக்கும். பெரிய வயதான பாஸில் பாதரசம் சேர்வதும் உண்டு, கேடோ ஏரி போன்ற சில கிழக்கு டெக்சாஸ் ஏரிகளுக்கு மாநில சுகாதாரத் துறையின் எச்சரிக்கையே இருக்கிறது, அங்கே பிடித்த பாஸைக் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.